சாயப்பட்டறையில் சுத்திகரிப்புச் செலவைக் கணக்கிடும் முறை

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத பட்டறைதான் இன்று அங்கே ஓட முடியும். கழிவுநீரை அப்படிச் சுத்திகரிக்கும் செலவை லிட்டருக்குப் பார்க்காதீர்கள். ஒரு கிலோ துணிக்குப் பாருங்கள். மின்சாரம், விறகு, ரசாயனம், மெம்பரேன் (நீரை வடிக்கும் சவ்வு) தேய்மானம், கடன் வட்டி அனைத்தையும் கூட்டி, மீளும் தண்ணீர், உப்பின் மதிப்பைக் கழியுங்கள்.

பணத்தை விழுங்குவது, மிஞ்சும் உப்புநீரைச் சூடாக்கி வற்றவைக்கும் ஆவியாக்கி. 100 கிலோலிட்டர் கழிவுநீரில் ஆர்.ஓ. (மெம்பரேன் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கும் முறை) 85 மீட்டால் 15 அங்கே போகும். 90 மீட்டால் 10தான், சுமையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் சாயமும் கடினத்தன்மையும் தங்கினால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். எஸ்.டி.ஐ. (மெம்பரேனை அடைக்கும் நுண்துகள்களைக் காட்டும் குறியீடு) 5-ஐத் தாண்டினால் முன்சுத்திகரிப்பைச் சரிசெய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், துணி–நீர் விகிதத்தை 1:8-இலிருந்து 1:6-க்குக் கொண்டுவாருங்கள். சாயத்தொட்டியில் தண்ணீரும் உப்பும் கால்பங்கு குறையும்.