மே மாதத்தில் லாஞ்சு கடலுக்குப் போகாது: வடசென்னையை எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

வடசென்னைக் கதை என்றால் முதல் பக்கத்தில் கத்தி, இரண்டாம் பக்கத்தில் கானா. அதுகூடப் பழகிவிட்டது, போகட்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லாமே ஒரே தெரு என்று நினைத்து எழுதுவதுதான் பெரிய தவறு. காசிமேட்டுக்குக் கடல். பெரம்பூருக்கு ரயில்வே, ஷிப்ட் நேரம், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வாழ்கிறார்கள். அத்தோ என்ற நூடுல்ஸ் உணவு அவர்கள் கொண்டுவந்தது. ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி கோயிலே இருக்கிறது. இத்தனை பேரையும் ஒரே மாதிரி ‘இன்னா நைனா’ என்று பேச வைத்தால் உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்து காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், லாஞ்சு எனப்படும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மே மாதத்தில் உங்கள் நாயகன் லாஞ்சில் ஆழ்கடலுக்குப் போனால் கதை அங்கேயே கவிழ்ந்தது. அந்த நாட்களில் லாஞ்சுகள் கரையேறிக் கிடக்கும். மரத்தைச் சுரண்டி பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். பைபர் படகுகள் மட்டும் போய் வரும். வஞ்சிரம் விலை ஏறும், வீட்டில் கடனும் ஏறும். கத்தியே இல்லாமல் ஒரு நாவலுக்கு வேண்டிய இறுக்கம் இதில் இருக்கிறது.

திருவொற்றியூர்க் கரையில் காதலர்கள் மணலில் கால் புதைய நடப்பதாக எழுதும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். துறைமுகம் கட்டியதும் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது; மெரினா அகலமானது, வடக்கே கரை அரித்தது. இன்று பல இடங்களில் கொட்டிய கருங்கல்தான் கரை. படகை எங்கே இழுத்து வைப்பது என்பதே குப்பத்துக் கவலை.

எண்ணூரை ‘மாசு’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுவதும் வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த முகத்துவாரம் பலருக்கு வேலை செய்யும் இடம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கருத்துப்போயின. அதைக் கழுவி எடுக்கும் கைகளிலிருந்து தொடங்கலாமே.

சரி, யாரிடம் கேட்பது? தடைக்காலத்தில் வலை பின்னுபவர்களிடம் போங்கள், நிதானமாகப் பேசுவார்கள். விடியற்காலை மீன் ஏலத்தின் நடுவே மட்டும் நோட்டைத் திறக்காதீர்கள். கூடையோடு வருபவர்கள் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள்.