வெடேலியாவை வேரோடு எடுக்க

தரையை மூடும் அழகுச்செடி என்று நர்சரியில் வாங்கி வைக்கும் வெடேலியா, விட்டால் புல்தரையையே விழுங்கிவிடும். மஞ்சள் பூவைப் பார்த்து மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

புல்வெட்டும் மெஷினை மட்டும் இதன்மேல் ஓட்டவே கூடாது. மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் இறங்கும். வெட்டுப்பட்ட துண்டும் தனிச்செடியாகிவிடும். முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் களைக்கொத்தியால் கணுவுக்குக் கீழே நெம்பி, கொடியைச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து பாதி மண்ணிலேயே தங்கிவிடும். எடுத்ததை உரக்குழியில் போடாமல், சிமென்ட் தரையில் சருகாகும்வரை காயவிடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, துளிர் தெரிந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள்.