ஆயில் மாற்றப் போய் முறிந்த போல்ட்

போன மாதம் வண்டிக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். ஃபில்டர் மூடியில் மூன்று போல்ட். இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவதை 8 நம்பர் டி ஸ்பானரில் திருப்பியதும் டக்கென்று தலை மட்டும் தனியே வந்துவிட்டது. வயிறு கலங்கிவிட்டது.

மூடியைக் கழற்றியதும்தான் உயிர் வந்தது. மீதி போல்ட் அரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் ட்ரில் போடவே வேண்டாம். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் ஸ்ப்ரே, சிந்திய ஆயில் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு (தீப்பிடிக்கும், இதில் அவசரமே கூடாது) ஹாட் ஏர் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினேன். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும். வைஸ் கிரிப்பால் (பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் குறடு) நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை இறுகப் பிடித்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். நாலாவது முறை கிறீச்சென்று நகர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது அவ்வளவு நிம்மதி!

அப்புறம் எம் 6 டேப்பில் (6 மி.மீ. போல்ட்டுக்கான துளைக்குள் மரை வெட்டும் கருவி) கிரீஸ் தடவி மரையைச் சுத்தம் செய்தேன், கிரீஸில் ஒட்டிக்கொள்வதால் தூள் உள்ளே விழாது. முன்பு யாரோ நீளக் கைப்பிடி போட்டு இறுக்கியிருக்க வேண்டும்; இந்த போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) போதும். புது ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), புது போல்ட் மாட்டி ஆயில் ஊற்றினேன். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை.