பெட்டா தன் வாலைக் கடித்துக்கொண்டால் என்ன செய்வது?

போன மார்கழியில் ஒரு நாள் காலை. விளக்கைப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் போன அம்முச்சி கூப்பிட்டார்: "ஏங்கண்ணு, இந்த மீனு வாலு எலி கொறிச்சாப்புல இருக்குதே?" எங்கள் பெட்டாவுக்கு, அதாவது சண்டை மீனுக்கு, முந்தின ராத்திரி வரை விசிறி போல விரிந்திருந்த நீல ஹாஃப்மூன் (அரைநிலா வடிவ) வால். அதன் நடுவில் அரை வட்டமாக ஒரு துண்டு காணோம். தொட்டியில் வேறு மீனும் இல்லை. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். மீன் உடம்பை வில்லாக வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, தன் வால் நுனியையே வெடுக்கென்று கடித்து இழுத்தது.

நான் உடனே கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி ஊற்றினேன். அது தப்பு. வால் கடிப்பது நோயில்லை, மீனுக்கு ஏதோ தொந்தரவு இருக்கிறது என்பதற்கான அறிகுறி. தொந்தரவைக் கண்டுபிடிக்காமல் மருந்து ஊற்றினால், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து பாதிக்கப்படும். மீன் பாடு இன்னும் மோசமாகும். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: கடித்ததுதானா என்று உறுதி செய்யுங்கள்

வால் மூன்று விதமாகக் கெடும். கடித்திருந்தால் ஒரே ராத்திரியில் துண்டு போயிருக்கும். ஓரம் கத்தரித்தது போலச் சுத்தமாக, பிறை வடிவில் இருக்கும். வாலழுகல் என்றால் நாள் கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். ஓரம் கறுப்பாகவோ சிவப்பாகவோ நைந்து தொங்கும். எதிலாவது மாட்டிக் கிழிந்திருந்தால், நரம்போடு நேர்கோடாகப் பிளந்திருக்கும், சதை குறையாது. பிளாஸ்டிக் செடி, கல், பொம்மை எது வைத்திருந்தாலும் வெளியே எடுத்து, பழைய நைலான் சேலைத் துண்டால் எல்லாப் பக்கமும் தேய்த்துப் பாருங்கள். நூல் இழுத்தால் அந்தப் பொருள் தொட்டிக்குள் திரும்பப் போகக் கூடாது.

சந்தேகமாக இருந்தால் தினமும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். மூன்று நாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது: தண்ணீர்

கண்ணாடிக் குவளையிலோ சின்ன ஜாடியிலோ வைத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் தொட்டியை மாற்றுங்கள். 20 லிட்டர் இருந்தால் நல்லது, 10 லிட்டருக்குக் கீழே வேண்டாம். சின்னப் பாத்திரத்தில் மீனின் கழிவிலிருந்து அமோனியா சீக்கிரம் ஏறும், சூடும் மணிக்கு மணி மாறும். அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. வீட்டில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு இருக்கும். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி, அது வராத நாளில் போர்த் தண்ணீர். இந்த வாரம் அது, அடுத்த வாரம் இது என்று மாற்றி மாற்றி ஊற்றினால் கடினத்தன்மை ஒரேயடியாக மாறி மீன் தவித்துப் போகும். கொஞ்சம் உப்பான தண்ணீரைக்கூடப் பெட்டா பழகிக்கொள்ளும், திடீர் மாற்றத்தைத் தாங்காது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழாயில் வரும் நல்ல தண்ணீரில் குளோரின் இருக்கும். கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்ட அளவுப்படி கலந்துவிட்டு ஊற்றுங்கள்.

மூன்றாவது: சூடு

பெட்டா தாய்லாந்துப் பக்கத்து வெப்பமான வயல்களிலும் குட்டைகளிலும் வாழ்ந்த மீன். அதற்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். நம் ஊர் சூடான ஊர்தானே என்று நானும் ஹீட்டர் வாங்கவில்லை. ஆனால் மார்கழி ராத்திரியிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஆனி ஆடியிலும் தொட்டித் தண்ணீர் சில்லென்று ஆகிவிடுகிறது. அன்றைக்கு என் தொட்டியில் 21 டிகிரிதான் இருந்தது. 20 லிட்டருக்கு 25 அல்லது 50 வாட் ஹீட்டர் போதும். தண்ணீர் மாற்றும்போது மறக்காமல் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறாக, தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

தண்ணீரையும் சூட்டையும் உடனே சரிசெய்யுங்கள். இனிமேல் வருவதை மட்டும் ஒவ்வொன்றாக, நாலைந்து நாள் இடைவெளி விட்டு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

நான்காவது: மீனை எது விரட்டுகிறது?

ஹாஃப்மூன், ரோஸ்டெயில் போன்ற பெரிய வால்காரர்கள்தான் அதிகம் கடிக்கிறார்கள். அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு நீந்துவதே அவற்றுக்குப் பெரும்பாடு. ஃபில்டர் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் இன்னும் களைத்துப் போகும். மீன் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஸ்பான்ஜ் ஃபில்டருக்கு மாறி, காற்றுக் குழாயில் சின்ன வால்வு போட்டுக் குறையுங்கள்.

அடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பம். ராத்திரி அறை இருட்டாக, தொட்டிக்குள் மட்டும் விளக்கு எரிந்தால், மீனுக்கு நாலு பக்கமும் ஒரு எதிரி தெரியும். செவுளை விரித்துக்கொண்டே இருக்கும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் காகிதம் ஒட்டுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். தொட்டி வைத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் குடோன். ஹீட்டர் போட்ட பிறகும் மீன் கடிப்பதை முழுசாக விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. அன்று பகல் முழுக்க மீன் துடுப்புகளை விரித்து, தொட்டி முழுக்க நிதானமாகச் சுற்றியது. திங்கட்கிழமை தறி ஓடத் தொடங்கியதும் தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேலே நூல் போல மெல்லிய அலை நடுங்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பழகிப்போன அந்தச் சத்தம் மீனுக்கு உடம்பெல்லாம் அதிர்வு. மீனுக்குப் பக்கக்கோடு என்ற உறுப்பு இருக்கிறது, அதிர்வை அதுதான் உணரும். தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, அடியில் தெர்மாகோல் வைத்தேன். பெரிய வித்தியாசம் தெரிந்தது. உங்கள் வீட்டில் அது மோட்டாராகவோ, கிரைண்டர் மேடையாகவோ, டிவி ஸ்பீக்கராகவோ இருக்கலாம்.

கொசுவத்தியையும் சொல்ல வேண்டும். பெட்டா மேலே வந்து காற்றைக் குடித்தும் மூச்சு விடும் மீன். சுருள், லிக்விட் இவற்றில் உள்ள மருந்து மீனுக்குக் கடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது: ஒளிய இடம், தீனி

மேலே மிதக்கும் செடி கொஞ்சம், சாய்ந்து படுக்க ஓர் அகலமான இலை, நுழைந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டு (விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்). தீனி காலையும் மாலையும் இரண்டு மூன்று குருணை போதும்.

ஆறாவது: காயம் ஆற விடுங்கள்

இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை அதே சூட்டில் மாற்றுங்கள். நாட்டு பாதாம் மரத்தடியில் தானாக விழுந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள், மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து. தண்ணீர் வெளிர் வரக்காப்பி நிறமாகும், பயப்பட வேண்டாம். இலையிலிருந்து இறங்கும் டானின் கிருமிகளை ஓரளவு அடக்கும்.

ஒன்றிரண்டு வாரத்தில் ஓரத்தில் சின்ன வெங்காயத்தின் உள்தோல் போல நிறமில்லாத மெல்லிய சவ்வு தெரியும். பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். அதுதான் புது வால். நிறம் பிறகு ஏறும். முழுசாக வளர மாதக்கணக்கும் ஆகலாம். பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால், ஓரம் கறுத்து உடம்பை நோக்கி ஏறினால், தீனியை ஒதுக்கினால், அப்போதுதான் மருந்து. அதையும் மீன் தெரிந்த ஒருவரிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள்.

வால் வளர்ந்து கனமானதும் சில மீன்கள் திரும்பவும் கடிக்கும். எங்கள் மீனும் இந்த ஆடியில் ஒருமுறை நுனியைக் கடித்துவிட்டது. தெர்மாமீட்டரைப் பார்த்தால் 22. இஸ்திரிப் பெட்டி போடுவதற்காக யாரோ ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். திரும்பச் செருகி, அதன் மேல் "மீன்" என்று எழுதிய பிளாஸ்திரி ஒட்டினேன். மறுநாள் காலை 26 காட்டியது.