கல்பாத்தியில் குடிவருகிறவர்களுக்கு: நீளக் கூடத்தை எப்படிப் பிரிப்பது

கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக்கு வருகிறவர்களில் பலர் கல்பாத்தியிலும் சாத்தபுரத்திலும் பழைய வரிசை வீடுகளைப் பார்க்கிறார்கள். தெருவில் தமிழ் காதில் விழும், கோயில் பக்கம், ஆறு பக்கம். நல்ல இடம்தான். ஆனால் உள்ளே சாமான்களை இறக்குவதற்கு முன் வீட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரரோடு பொதுச் சுவர். அதில் ஜன்னலுக்கு வழியில்லை. வெளிச்சமும் காற்றும் வாசல், முற்றம், கொல்லை வழியாகத்தான் வந்தாக வேண்டும். முன்பு திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடை), கூடம், அடுக்களை என்று பிரிந்திருந்ததில், சில வீடுகளில் நடுச்சுவரை எடுத்து ஒரே நீளமாக்கியிருக்கிறார்கள். பார்த்தவுடன் குறுக்கே எதையாவது நிறுத்தி ஓர் அறை உண்டாக்கத் தோன்றும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். முற்றத்துக்கு இந்தப் பக்கம் பீரோவையும் புத்தக அலமாரியையும் குறுக்கே நிறுத்தினோம். பகல் பதினொரு மணிக்கே அடுக்களையில் லைட் போட வேண்டியதாயிற்று. வெயில் காலத்தில் 40 டிகிரி வரை போகிற ஊர் இது, காற்று ஓடவில்லை என்றால் மதியம் உள்ளே உட்கார முடியாது. அப்புறம் பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம். ஆடி மழையில் ஒருநாள் திறந்தால், பட்டுப்புடவையின் மடிப்பில் சாம்பல் தூவியது போலப் பூஞ்சணம்! அதிலிருந்து எந்த மரச்சாமானுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுகிறோம்.

என் யோசனை இதுதான்: வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரிய வேண்டும். அந்த நேர்வழியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சுவரோரமாக வையுங்கள். மறைப்பு வேண்டுமானால் ஆறடிக்கு மேல் போகாத மரத்தட்டியோ, கம்பியில் ஓடும் திரையோ போதும். அதற்கு மேலே காற்று ஓடும். சாப்பாட்டு மேஜைக்கு முற்றத்தின் ஓரம்தான் சரியான இடம். டிவியைப் பொதுச் சுவரில் மாட்டாதீர்கள், பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தைக்குக் கேட்கும்.

சுவர் எடுத்த இடத்தில் அண்ணாந்து பாருங்கள். உத்திரமோ இரும்பு கர்டரோ தாங்குகிறதா, ஓட்டு வரிசை தொய்ந்திருக்கிறதா என்று பழைய வீடு தெரிந்த ஆசாரியிடம் காட்டுங்கள். இது முதல் மாதத்திலேயே நடக்க வேண்டிய வேலை. கல்பாத்தி பாரம்பரியப் பகுதி என்பதால், முகப்பை மாற்றுவதற்கு முன் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

உத்திரத்தில் பழைய ஊஞ்சல் வளையம் இருந்தால் கழற்ற வேண்டாம். ஐப்பசிக் கடைசியில் தேருக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். தட்டியை மடித்து வைத்துவிட்டால் பத்துப் பேருக்குப் பாய் விரிக்கலாம், குழந்தைகள் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டார்கள்.