முதலில் டேப்பைத் திருப்புங்கள்

அம்பாசமுத்திரத்தில் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பேண்ட் தைக்க வரும் அண்ணாச்சிமார், அளவெடுக்கும் முன்பே "முப்பத்தாறு போடுங்க" என்பார்கள். அது தொப்பைக்குக் கீழே பேண்ட் நிற்கும் இடத்தின் அளவு. அது மாறாது, தொப்பைதான் முன்னால் வந்துகொண்டே இருக்கும். உடம்பைக் குறைக்க அரசாங்கம் என்ன தருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சரியான இடத்தில் அளந்து பாருங்கள் என்பதுதான்.

டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கத்தை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சட்டைக்கு உள்ளே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, ஏமாறுவது நீங்கள்தான். நம் ஆட்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 தாண்டக் கூடாது. எனக்கு 101 காட்டியது. வீட்டில் சொல்லவில்லை.

தாண்டியவர்கள் பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், தேவைப்பட்டால் மாத்திரையும் வரும். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று நான் இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். மூன்றாம் தடவை பிரஷர் 160க்கு 100. ஒன்று, மாத்திரை தொப்பையைக் குறைக்காது.

அதற்கு நடைதான். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை அறிவித்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவ முகாமும் உண்டு. தினமும் திருநெல்வேலிக்குப் போக முடியுமா? ஆற்றுப் பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சி போய்த் திரும்புகிறேன். முதல் மாதம் திரும்பும்போது டீக்கடையில் இரண்டு உளுந்தவடை, டேப் அசையவே இல்லை. வடையை விட்டபிறகு இப்போது 97.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. எனக்கு ஆச்சரியமில்லை. "உள்ள துணி இருக்கா, பிரிச்சு விடுங்கண்ணே" என்று ஜாக்கெட் வராத வாரமில்லை. இப்போது பள்ளிச் சீருடையும் வருகிறது.

அப்புறம் பள்ளி வாசல் கடை. வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனி விற்கக் கூடாது என்பது 2020 மத்திய விதி. நடவடிக்கை எடுக்க வேண்டியது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். என்ன விற்கிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் என்று எழுதுங்கள். எங்கள் தெருப் பள்ளிக்கு எதிரே சிப்ஸும் கலரும் விற்கும் கடைக்கு நானே அளந்தேன். ஒன்றரை மீட்டர் டேப்பை இருபது தடவை வைத்து எடுத்து, 30 மீட்டர் என்று மனுவில் எழுதியிருக்கிறேன்.