பலகைக்கு முன் கோப்பு: வீரர்களையும் பயிற்சியாளர்களையும் பந்தயக்காரர்களையும் முறையாகக் கௌரவிக்கும் வழி

உள்ளூர் விளையாட்டு அமைப்பு ஒன்று தன் வீரர்கள், பயிற்சியாளர்கள், பந்தயக்காரர்கள் (கார், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி போன்ற பந்தயங்களில் போட்டியிடுபவர்கள்) ஆகியோரின் பெயர்களை நிரந்தரப் பலகையில் பொறிக்க முடிவெடுத்ததும், முதல் கூட்டத்திலேயே பெயர்கள் முன்வைக்கப்பட்டு, அவற்றில் பாதி அன்றே முடிவாகியும் விடுகிறது. அந்தப் பெயர்கள் தகுதியுடையவையாகவே இருக்கலாம். ஆனால் விதிக்கு முன்பே பெயர் வந்துவிட்டால், பின்னால் எழுதப்படும் விதி அந்தப் பெயருக்கேற்ப வளைந்துகொடுக்கும். ஆகவே முதல் கூட்டத்தில் யாருடைய பெயரையும் எடுக்காமல், யாரைக் கௌரவிக்கலாம், யார் தேர்ந்தெடுப்பார்கள், எத்தனை வாக்குகள் வேண்டும் என்ற மூன்றை மட்டும் எழுதி முடியுங்கள்.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்க்கூடம் தன் முதல் உறுப்பினர்களை 1936இல் தேர்ந்தெடுத்தது. வாக்களிப்போரில் 75 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும், ஆட்டக்காரர் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்பவை அதன் அறியப்பட்ட விதிகள். இந்தக் காத்திருப்புக் காலம் சிறிய அமைப்புக்கும் பொருந்தும், ஏனெனில் சென்ற மாதம் வென்றவரின் மேல் இருக்கும் உற்சாகம் இருபது ஆண்டுகளுக்கு முன் வென்றவரை எளிதில் மறைத்துவிடும். எனினும் விதிவிலக்குக்கும் ஒரு வழி வையுங்கள். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகராகுவாவுக்கு உதவிப் பொருள்களுடன் சென்ற விமானம் விழுந்து பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளமென்டே இறந்தபோது, காத்திருப்பைத் தள்ளுபடி செய்து 1973இலேயே அவரைச் சேர்த்தார்கள். தேர்வுக் குழுவில் ஏழு அல்லது ஒன்பது பேர் போதும். தன் உறவினரோ மாணவரோ பரிசீலனைக்கு வரும்போது அந்த உறுப்பினர் கூட்ட அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வையுங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. முழுப் பணியில் பாதிக்கு மேல் இதுதான், இதற்குத்தான் எல்லாரும் மிகக் குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள். முன்மொழிபவர் சொல்லும் சாதனைக்குப் போட்டியின் முடிவுத்தாள், சான்றிதழ், அக்கால நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும் என்று கேளுங்கள். நான் பங்கேற்ற ஒரு குழுவில் இரண்டு ஓட்டக்காரர்களின் கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒருவரின் 100 மீட்டர் நேரம் 10.6 விநாடி, மற்றவருடையது 10.78. முன்னவரே வேகமானவர் என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். ஆனால் 10.6 என்பது ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்தி எடுத்த நேரம், 10.78 மின்னணுக் கருவி பதிந்த நேரம். தொடக்கத் துப்பாக்கி வெடித்ததும் கை அசைவதற்குள் ஒரு சிறு நேரம் கழிந்துவிடுவதால், கைநேரத்தோடு 0.24 விநாடி கூட்டி ஒப்பிடுவதே வழக்கம். கூட்டிப் பார்த்தால் 10.84, வரிசை தலைகீழானது. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றனவா, ஒன்றுதானா என்று பார்ப்பதே முதல் சோதனை. 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் உலக சாதனைக்கு மின்னணு நேரம் 1977 முதல் கட்டாயம். அதற்கு முந்தைய நேரங்களைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

காற்றளவையும் விட்டுவிடாதீர்கள். 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் மும்முறைத் தாண்டுதலிலும் பின்னிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த அளவு சாதனையாக ஏற்கப்படாது. வென்றவர் வென்றவரே, பதக்கமும் அவருடையதே. ஆனால் அந்த எண்ணைச் சாதனை என்று பலகையில் எழுதக் கூடாது. மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு வகைப்பாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார், தாண்டிய உயரம் 1.89 மீட்டர், காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான டி42 என்ற வகைப்பாடு பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண் எவ்வளவு பெரியது என்று படிப்பவருக்கு விளங்கும். கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இயந்திரக் கொள்ளளவு, பந்தயப் பிரிவு, தூரம் ஆகியவற்றோடு பந்தயத் தடத்தின் அப்போதைய வடிவமும் வேண்டும். வளைவு ஒன்றை மாற்றியமைத்த பிறகு பழைய சுற்று நேரத்தைப் புதியதோடு ஒப்பிட முடியாது.

பந்தயக்காரர்களைப் பொறுத்தவரை, வண்டி ஓட்டியவரின் பெயரை மட்டும் எழுதிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ராலி என்னும் நெடுந்தூரக் கார் பந்தயத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு வளைவையும் வாசித்துச் சொல்லும் இணை ஓட்டுநர் இல்லாமல் அந்த வெற்றியே இல்லை. தொடர் ஓட்டத்தில் நால்வர் பெயரும், தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவர் இருந்தால் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

பயிற்சியாளர்களை மதிப்பிடுவது கடினம், ஏனெனில் அவர்களுக்கு முடிவுத்தாள் கிடையாது. மாணவர் வாங்கிய பதக்கங்களை எண்ணுவது எளிய வழிதான், ஆனால் அது பல நல்லவர்களைத் தவறவிட்டுவிடும். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்ட 1985ஆம் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர். பதக்கக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், அந்த ஓட்டத்தின் பின்னால் இருந்த உழைப்புக்கு எந்த எண்ணும் இருந்திருக்காது. எத்தனை ஆண்டுகள் மைதானத்தில் நின்றார், முதன்முதலில் காலணி கட்டிவிட்டு ஓடச் சொன்னவர் யார், அவரிடம் பயின்றவர்கள் விளையாட்டை விட்ட பிறகும் அவரைத் தேடி வருகிறார்களா என்று கேளுங்கள். வெவ்வேறு காலகட்டங்களைச் சேர்ந்த குறைந்தது மூன்று மாணவர்களிடம் எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். அதில் பதக்கம் வாங்காத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். சிறுவர் சிறுமியர் பாதுகாப்பு குறித்து அவர் மேல் புகார் எதுவும் இருந்ததா என்பதையும் தயங்காமல் விசாரியுங்கள். அப்படி விசாரிப்பது அவரை அவமதிப்பதாகாது. அந்தப் பலகையை நம்பித் தங்கள் குழந்தைகளை அனுப்பப்போகும் பெற்றோருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.

முன்மொழிவுகள் தாமாக வந்து சேரும் என்று காத்திருந்தால், குரல் உயர்த்திப் பேச ஆள் இருப்பவர்களே பட்டியலில் நிறைவார்கள். விடுபட்டவர்களைத் தேடுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். 1966இல் பாபி கிப் என்ற பெண் பாஸ்டன் மாரத்தானில் தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் மறைந்திருந்து, ஆண்கள் ஓடத் தொடங்கியதும் அவர்களோடு கலந்து ஓடி முடித்தார். பெண்களுக்கு அப்போது அனுமதி இல்லை. 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளின் பெண்கள் பிரிவு வெற்றியாளர் அவரே என்று அமைப்பாளர்கள் 1996இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். மிதிவண்டிப் பந்தயக்காரரான மேஜர் டெய்லர் 1899இல் உலக வெற்றியாளர். கறுப்பினத்தவர் என்பதால் பந்தயத் தடத்திலேயே பல கொடுமைகளைச் சந்தித்தவர். 1932இல் சிக்காகோவில் வறுமையில் இறந்து, பெயர்க்கல் இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1948இல் பழைய பந்தயக்காரர்கள் ஒன்றுகூடி அவர் உடலை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்து பெயர்ப்பலகை வைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதினாறு ஆண்டுகள் என் நெஞ்சில் தைக்கின்றன. உங்கள் பட்டியலில் முதியவர்களின் கோப்புகளை முதலில் எடுங்கள்.

நீக்குவதற்கான விதியையும் இப்போதே, அமைதியான நேரத்திலேயே எழுதிவிடுங்கள். மிதிவண்டிப் பந்தயக்காரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள் ஊக்கமருந்துப் பயன்பாட்டுக்காக 2012இல் பறிக்கப்பட்டன. அதுபோல ஒன்று நேர்ந்தால் உங்கள் பலகையை என்ன செய்வீர்கள்? அதே நேரம் அவசரமும் ஆபத்து. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகை, பத்துவகைப் போட்டிகள் இரண்டிலும் வென்ற ஜிம் தோர்ப், பணத்துக்காக விளையாடுவோருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லாத அக்காலத்தில், முன்பு பணம் பெற்று பேஸ்பால் ஆடினார் என்பதற்காக மறு ஆண்டே பதக்கங்களை இழந்தார். ஆட்சேபம் எழுப்ப விதியில் குறித்திருந்த காலம் கடந்த பிறகு எடுக்கப்பட்ட அந்த முடிவு, முழுமையாகத் திருத்தப்பட்டு அவர் மட்டுமே வெற்றியாளர் என அறிவிக்கப்பட 2022 வரை ஆயிற்று. புகார் வந்தால் எழுத்தில் வர வேண்டும், உரியவருக்கோ குடும்பத்துக்கோ பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், நீக்க வேண்டுமானால் சேர்த்தபோது பெற்ற அளவுக்குக் குறையாத வாக்குகள் வேண்டும்.

பாராட்டுரையை எழுபது சொற்களுக்குள் எழுதுங்கள். "ஈடு இணையற்ற", "ஒப்பற்ற" போன்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு எண்களுக்கும் பெயர்களுக்கும் இடம் கொடுங்கள். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டரைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "1954 மே 6, ஆக்ஸ்போர்டு இஃப்லி சாலை ஓடுதளம். ஒரு மைல், 3 நிமிடம் 59.4 விநாடி. வேகம் அமைத்துக் கொடுத்தவர்கள் கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே." இவ்வளவு போதும், உடன் ஓடிய இருவரின் பெயரும் அதிலேயே வந்துவிட்டது.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கௌரவிக்கப்படுபவர் பேசுவதற்கு மற்றெல்லாருக்கும் முன்பாக நேரம் ஒதுக்குங்கள், மேடைக்குப் படியில்லாத வழி அமையுங்கள், யாரை அழைக்கலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்று திரும்பிய அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் வில்மா ருடால்ஃப், வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகக் கலந்துகொள்வதானால் மட்டுமே வரவேற்பை ஏற்பேன் என்று சொல்லி, தன் ஊர் அப்படியே நடத்தும்படி செய்தார்.

கடைசியாக, பலகை. நான் சென்றிருந்த ஒரு திறப்பு விழாவில் திரை விலகியதும் முதிய பயிற்சியாளர் ஒருவர் கண்ணாடியை எடுத்து அணிந்து, தன் பெயரின் முன்னெழுத்தின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றார். தந்தையின் பெயருக்குரிய எழுத்து மாறியிருந்தது, கல்லில் வெட்டியிருந்ததால் அன்று எதுவும் செய்ய இயலவில்லை. அதனால் பெயர்களைத் தனித்தனி உலோகத் தகடுகளில் பொறித்துத் திருகாணியால் பொருத்துங்கள். பொறிப்பதற்கு முன், தகட்டின் அதே அளவில் அச்சிட்ட தாளை நேரில் கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லி, அந்தத் தாளிலேயே கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேருங்கள்.